நான் கீழேதான் நின்றேன்

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் என் மனைவியிடமே கேட்கலாம், அவள் வீட்டில் இருந்தால்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே போகப் பட்டன் இருக்கும்போது, செங்குத்துப் பாறையை நகத்தால் பிறாண்டிக்கொண்டு ஏன் ஏற வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் கேட்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். "சொன்னா உனக்குப் புரியாது" என்பாள். போன வருஷம் பாறையிலிருந்து விழுந்து அவள் தோள்பட்டை முறிந்தது. கட்டுப் பிரித்த மறுவாரமே கிளம்பிவிட்டாள். வேறு யாரையும் நம்ப மனம் வராமல், கீழே நின்று கயிறு பிடிக்க நானே கற்றுக்கொண்டேன். என் தலையெழுத்து.

அந்த ஞாயிறு, காலை 10.40. என் இடுப்பு பெல்ட்டிலிருந்த பிரேக் வழியாகக் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தேன். அவள் பாறையில் கொக்கி மாட்டி, கயிற்றை அதில் கோத்தபடி ஏறினாள். திடீரென்று மூடுபனி இறங்கியது. அவள் ஷூகூடத் தெரியவில்லை.

"போதும், இறங்கு" என்று கத்தினேன்.

"இறங்கு... இறங்கு..." என்று எதிரொலி வந்தது.

கயிறு நிற்கவில்லை. எரிச்சலில் திரும்பத் திரும்பக் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது.

இந்த முறை எதிரொலி வேறு மாதிரி வந்தது.

"வா..."

என் குரல்தான். ஆனால் தொண்டை கட்டாத குரல்.

கயிறு வேகமாக ஓடியது. சர்ர்... சர்ர்...

நான் வாயே திறக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்தான்... வா..."

பிரேக்கை அழுத்தினேன். கயிறு விறைத்தது.

"கயித்த விடு" என்றாள் மேலிருந்து. "ஒரு தடவை இறங்குன்னு சொல்ற, ஒரு தடவை வான்னு சொல்ற. ஏதாவது ஒண்ணச் சொல்லு."

"நான் வான்னு சொல்லவே இல்ல."



கயிறு மேலே இழுபட்டது.

என் குதிகால் தரையை விட்டு எழும்பியது...

கடைசிக் கொக்கியை நம்பி, அவளை வலுக்கட்டாயமாக இறக்கினேன். 11.20க்கு அவள் கால் தரையில் பட்டது. என்னைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அப்போ மேல நின்னு கை நீட்டினது..."

"நான் இங்கேயேதான் நிக்கறேன்."

மறுநாள், நாங்கள் விட்டுவந்த கொக்கிகளை எடுக்க ஏறிய மலை மீட்புக்குழுக்காரர் போன் செய்தார். "கடைசிக் கொக்கிக்கு மேல பாறையே இல்ல சார். போன வாரமே உடைஞ்சு விழுந்திருக்கு. ஒரு அடி ஏறியிருந்தாலும் வெறும் ஆகாசம்தான்."

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அது நான் இல்ல. தெரியுதில்ல?"

"தெரியும்."

"பின்ன ஏன் கயித்த எடுத்து வைக்கற?"

"அது ஒரு தடவைகூட என்னை இறங்குன்னு சொல்லல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்னை எழுப்புவதில்லை. கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் எப்படி ஏறுவாள் என்று முதல் வாரம் தைரியமாகத்தான் இருந்தேன். பிறகுதான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன்.

கயிறு பிடிக்க நான் கட்டி, அங்கே ஆணியில் மாட்டிவைக்கும் இடுப்பு பெல்ட்டும் அவளோடு போகிறது.