ஏழாவது வீட்டுத் துணி

எங்கள் வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதனால் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் மனைவி, மூன்றாவது முறை முழுகாமல் இருந்தபோது பிச்சைத்துணி தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அவளுக்கு முதல் இரண்டும் பிறந்த மாதமே போய்விட்டன. இப்படிக் குழந்தை தங்காத வீட்டில் அடுத்ததற்குப் புதுத்துணி எடுக்கமாட்டோம். ஏழு வீட்டில் முந்தானை ஏந்தித் துண்டுத்துணி வாங்கி, ஒட்டுப்போட்டு விரிப்பு தைத்து, அதில்தான் பிள்ளையைக் கிடத்த வேண்டும். யாருமில்லாத பிச்சைக்காரப் பிள்ளை என்று எமன் தாண்டிப் போய்விடுவானாம். மருத்துவச்சி என்னிடம் கறாராகச் சொன்னாள்.

"நம்ம வூட்டுத் துணி ஒரு நூல்கூடக் கலக்கக் கூடாது. கலந்தா அவன் மோப்பம் புடிச்சுடுவான், ஆமா."

உலகச் சண்டைக் காலம் அது. பிரெஞ்சுக்காரன் ஊர் என்றாலும் செலியமேட்டில் துணிக்குப் பஞ்சம்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஊருக்குப் போய் வாங்கி வந்தால் சுங்கக்காரன் பிடுங்கிக்கொள்வான். இற்றுப்போன இரண்டு புடவைகளை வெட்டி ஒன்றாக இணைத்துக் கட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் போய்த் துணி கேட்க எனக்கு வாயே வரவில்லை. ஆனாலும் கொடுத்தார்கள். ஒருத்தி பாவாடை ஓரம், இன்னொருத்தி பழைய குடைத்துணி. பாகூர்க் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த பாயின் மனைவி, "கடையில வெட்டி விழுந்தது ஊரார் துணி, சேராதுன்னு சொல்லுவீங்க, இருங்க" என்று உள்ளே போய், தன் தலையணை உறையிலேயே ஒரு பக்கத்தைப் பிரித்துக்கொண்டு வந்தார். ஆறு வீடு ஆயிற்று.

ஏழாவதாக எந்த வீட்டுத் துணி வேண்டும் என்பதை ஓரகத்தியே சொல்லிவிட்டாள். "எதிர் வூட்டு அக்காவுக்கு ஒம்போது புள்ள. ஒண்ணுகூடத் தவறல. அவங்க வூட்டுத் துணி கட்டாயம் வேணும்க்கா."

எதிர் வீட்டுக்காரியோடு நான் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாய்க்கால் மடையை நான் எங்கள் வயலுக்குத் திருப்பிவிட்டேன் என்று நடுத்தெருவில் நின்று என்னைத் திருடி என்றவள் அவள். நானும் சும்மா இருக்கவில்லை, அவள் பரம்பரையையே இழுத்துத்தான் பேசினேன். அவள் முன்னால் போய் முந்தானை ஏந்துவதா? வாசல்வரை போனேன். உள்ளே அவள் யாரிடமோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னைச் சொல்லித்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் பெட்டியைத் திறந்தேன். ஓரகத்தி இந்த வீட்டுக்கு வருமுன் ரவிக்கை தைத்து மிஞ்சிய சிவப்புக் கட்டத்துணி கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டினேன்.

"எதிர் வூட்டுல குடுத்தாங்க" என்றேன். என் கூசாத வாயை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஓரகத்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இத நடுவுல வைங்கக்கா. புள்ள தல படுற எடம்" என்றாள். அப்படியே வைத்து, நெருக்க நெருக்கமாகத் தையல் ஓட்டினேன்.

ஆண்பிள்ளை பிறந்தான். பிச்சைக்காரப் பெயராகவே பார்த்து மேரியில் பதிந்தார்கள். பிறப்பு இறப்பு எழுதும் கொம்யூன் அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஒரு மாதம் தாண்டியது, இரண்டு தாண்டியது. குப்புற விழுந்தான். அவன் சிரிக்கும்போதெல்லாம் நான் அந்தச் சிவப்புக் கட்டத்தைத்தான் பார்த்தேன். பிரித்து எடுத்துவிடலாம் என்று பலமுறை ஊசியோடு உட்கார்ந்தேன். ஏன் பிரிக்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஐந்தாம் மாதம், அடைமழையில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்விட்டான்.

துணியால் பிள்ளை சாகாது என்று இன்று என் புத்திக்குத் தெரியும். மனசுக்குத் தெரியவில்லை.

சாவுக்கு எதிர் வீட்டுக்காரியும் வந்தாள். சாவு வீட்டில் சண்டை பார்ப்பதில்லை. ஓரகத்தி விரிப்பை மடியில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள்.

"நீங்க குடுத்த துணிதான்க்கா நடுவுல. முன்ன ரெண்டும் மாசங்கூடத் தாங்கல. ஒங்க வூட்டு ராசி, இது அஞ்சு மாசமாச்சும் எங்கிட்ட இருந்துச்சு."

எதிர் வீட்டுக்காரி அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை பெண்கள் நடுவில் ஒரு வார்த்தை போதும், என் மானம் போக. திருடி என்று அவள் அன்று சொன்னதும் மெய்யாகிவிடும்.

"ஆமாம்மா" என்றாள். "நான்தான் குடுத்தேன்." ஓரகத்தியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள்.