காற்றை வடிகட்டிய நயினார்

காஞ்சிபுரத்தில் காற்றை வடிகட்டிக்கொண்டு ஓடும் ஒரே லாரி எங்கள் தெருமுனையில்தான் நிற்கிறது. அதற்கு வலை கொடுத்தவள் நான். இதில் பாதியைத் தள்ளிவிடலாம். அது மினி லாரி. நான் கொடுத்ததும் ஜன்னலுக்கு அடித்தது போக மிஞ்சிய ஒரு முழம் கொசுவலை. சொல்லச் சொல்ல அது ஆறு கஜமாக வளர்ந்துவிட்டது. ஆனால் லாரிக்காரர் ரிஷபதாஸைப் பற்றி மிகைப்படுத்தத் தேவையில்லை. உள்ளபடி சொன்னாலே யாரும் நம்புவதில்லை.

அவர் முசரவாக்கத்துச் சமணர். ஊரார் நயினார் என்பார்கள். அப்பா நெல் விளைவித்தார். இவருக்குச் சேற்றில் கால் வைக்க மனமில்லை. ஏர் ஓட்டினால் மண்புழு சாகும் என்று காரணம் சொன்னார். சோம்பல் என்றார் அப்பா. இரண்டும் உண்மையாக இருக்கலாம். வண்டி வாங்கினார். சாயத் தொட்டி, தறி மரம், நெசவுக்கு நீளவாட்டில் இழுத்துச் சுருட்டிய பாவு நூல் என்று பிள்ளையார்பாளையத்துக்கும் சுற்றுக் கிராமங்களுக்கும் ஓட்டினார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் மாலைச் சவாரி கிடையாது. வீட்டில் குணமாலா தண்ணீரை இரண்டாக மடித்த துணியில் வடிகட்டித்தான் பானையில் ஊற்றுவார். துணியில் தங்கிய பூச்சியைக்கூட எடுத்த கிணற்றிலேயே விடுவார்.

இப்படிப்பட்டவருடைய வண்டிக்குள் எறும்புகள் குடியேறின.

காரணம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு. காலையில் தெரு நீளத்துக்குக் குச்சிகளை நட்டுப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அது உலர்ந்து சுருட்டும்வரை சைக்கிள்கூட உள்ளே வராது. ரிஷபதாஸ் தெருமுனைப் புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். புங்கமரம் இலையைக் கொட்டும், பூவைக் கொட்டும். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உட்காரும் இடத்தில், வண்டிக்குள் காற்றுப் போக வரிசையாகக் கீறல்கள் இருக்கின்றன. கொட்டியதெல்லாம் அதற்குள் இறங்கிற்று. உள்ளே ஒரு சின்ன வாய்க்கால். மழைத் தண்ணீர் வடிய அதில் ஒரு துளை. இலை மக்கித் துளையை அடைத்தது. மக்கிய இலையில் எறும்பு முட்டை வைத்தது. மழை பெய்தால் தண்ணீர் வழி தெரியாமல் இடப்பக்கம் சீட்டுக்கு அடியில் கொட்டியது.

மெக்கானிக் சின்னப்பையன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பைப்ப வெச்சு ஒரே அடி அடிச்சா அல்லாம் பூடும், நயினாரே."

"அல்லாம்னா?"

"இலை, சேறு, எறும்பு…"

"வேணாம்பா. மழக்காலம் முடியட்டும். அதுங்களே போயிடும்."

"வாடகையாவது வாங்கிக்கினியா?" என்று கேட்டான் சின்னப்பையன்.

இருப்பதைக் கலைக்க மனமில்லை. மேற்கொண்டு இலை விழாமலாவது பார்க்கலாம் என்று ரிஷபதாஸ் யோசித்தார். அவருக்குத் தெரிந்த வடிகட்டி ஒன்றுதான். குணமாலாவின் பழைய வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து அந்தக் கீறல்கள்மேல் இழுத்துக் கட்டினார். ஓர் இலைகூட இறங்கவில்லை. இரண்டு நாள் தெருவெல்லாம் பெருமை பேசினார்.

மூன்றாம் நாள் ஐப்பசி மழை.

அன்று எங்கள் தெருவில் அவர் ஏற்றியது முசரவாக்கத்து நெசவாளி வேல்முருகனின் அரக்குச் சிவப்புப் பாவு. ஊரில் பாதிப் பெண்களுக்கு முகூர்த்தப் புடவை நெய்தவர் வேல்முருகன். இந்தப் பாவு அவருடைய மகள் அபிநயாவுக்கு. தை பிறந்ததும் கல்யாணம். இரண்டு மாதத்துக்கு மேல் நெய்ய வேண்டிய புடவை; அன்றே தறி ஏறினால்தான் முடியும். நனைந்தால் கஞ்சி இளகி இழைகள் ஒட்டிக்கொள்ளும், சாயமும் இறங்கும். மறுபடி சாயம் போட்டுப் பாவு இழுக்க நாள் இல்லை. பிளாஸ்டிக் சுற்றினால் புழுங்கும் என்று வேட்டியில் சுற்றி, பின்னால் ஏற்ற மறுத்து, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

பாதி வழியில் மழை பிடித்தது. இருபக்க ஜன்னலையும் ஏற்றினார்கள். கீறல்கள்மேல் கட்டிய துணி நனைந்து தோல்போல ஒட்டிக்கொண்டது. உள்ளே காற்று வரவில்லை. இரண்டு பேர் மூச்சும் முன்கண்ணாடியில் படிந்து, சாலை மறைந்தது.

"நயினாரே, எதிர்க்க பஸ் வருதா, வீடு வருதா?"

"சத்தத்த வெச்சுப் பாத்தா பஸ்ஸு. ஜன்னல எறக்கு வேலு."

"எறக்கினா பாவு நனையும்."

"எறக்கலன்னா பாவோட நம்பளும் பள்ளத்துல."

ரிஷபதாஸ் தன் பக்கத்து ஜன்னலை மட்டும் இறக்கித் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். சாரல் உள்ளே பாய்ந்தது. வேல்முருகன் சட்டையைக் கழற்றிப் பாவின்மேல் போட்டு, அதன்மேல் தானும் கவிழ்ந்துகொண்டார். அப்படியே உருண்டு வந்து ஒரு பெட்ரோல் பங்க் கூரையடியில் நின்றார்கள்.

ரிஷபதாஸ் இறங்கித் துணியை அவிழ்த்தார். கண்ணாடி தெளிய ஆரம்பித்தது. ஆனால் அப்படியே மழைக்குள் போனால் அடைபட்ட வாய்க்கால் நிறைந்து, தண்ணீர் காற்றோடு சேர்ந்து நேரே பாவின்மேல் வரும். இலையை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் எறும்புக் குடும்பம் கலையும். அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இப்ப எம்பொண்ணு கல்யாணமா, எறும்பு வூட்டுக் கல்யாணமா?" என்று உள்ளேயிருந்து கத்தினார் வேல்முருகன்.

"அதுங்களும் புள்ளையத் தூக்கிக்கினு நிக்குதுங்க, பாரு."

"பாக்கறேன், பாக்கறேன். எல்லாத்துக்கும் பத்திரிகை வெச்சுடறேன். முதல்ல எடு நயினாரே!"

கீறல்கள் உள்ள மேல்மூடியைக் கழற்றி, ஓர் அட்டையை நுழைத்து, மக்கிய இலையைக் கட்டி கட்டியாக, உதிராமல், முட்டையோடும் எறும்போடும் தூக்கி, பங்க் சுவரோரம் நனையாத மூலையில் கொண்டுபோய் வைத்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. நாலைந்து எறும்புகள் அவரைக் கடித்தன. அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அடைப்பு விலகியதும் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் குபுக்கென்று சக்கரத்தடியில் இறங்கிற்று. அதன்பின் வழியெல்லாம் ஜன்னலை ஏற்றிவிட்டே போனார்கள். பாவு அன்று சாயங்காலமே தறி ஏறிற்று.

அடுத்த வாரம் புங்க மரத்தடியில், இன்னும் பொடிக்கண் துணி கிடைக்குமா என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோதுதான் நான் கொசுவலையை நீட்டினேன். எறும்பு நுழையுமே என்றார். இலையே இல்லாத இடத்தில் எறும்புக்கு என்ன வேலை என்றேன். யோசித்தார். சின்னப்பையன் வலையை அந்த மூடிக்கு அடியில் ஒட்டிக் கொடுத்தான். இலை மேலேயே நிற்கிறது. காற்று உள்ளே போகிறது. இப்போது தினமும் வண்டியை எடுக்குமுன் தென்னந்துடைப்பத்தால் இலையைத் தள்ளுகிறார். தள்ளுமுன் குனிந்து, அதில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறார்.

தையில் கல்யாணம் நடந்தது. அரக்குச் சிவப்பில் அபிநயா நின்றாள். அந்தப் புடவையில் ஒரு சொட்டு மழை பட்டதில்லை.

இதுவரை எழுதி, தலை தீபாவளிக்கு அதே புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்த அபிநயாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கொசுவத்தை லேசாக உருவி, உள்கட்டில் ஓரிடத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளங்கையளவு நிறம் மங்கியிருந்தது.

"ஒரு சொட்டு இல்ல ஆயா, ஒரு கைத் தண்ணி பட்டுது. அந்தப் பக்கம் உள்கட்டுல வர்ற மாதிரி அப்பா தறியில ஏத்துனாரு. எழுதறதுன்னா சரியா எழுதுங்க."