முந்நூறு கஜம்

எங்கள் மாமாவுக்குத் தூரத்துப் பார்வை போய்விட்டது என்பது எஸ்டேட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாமா. இன்னொருவர் மாமி. மூன்றாவது ஆள் நான். எனக்கு அப்போது பதினோரு வயது. மாமா எங்கள் துரைக்கு வேட்டையில் வழி காட்டுகிறவர், ஷிகாரி என்பார்கள். ஷிகாரிக்குக் கண் மங்கினால் மேளக்காரனுக்குக் கை முடமான மாதிரி. அதனால் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

வேட்டையாடினால் ஜெயில் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறீர்கள். அது சரிதான். நான் சொல்வது வெள்ளைக்காரன் காலம். துரைமார்கள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். அதற்கும் சட்டம் இருந்தது. வரையாட்டில் பெட்டையைச் சுடக் கூடாது, குட்டியைச் சுடக் கூடாது. வயதாகி முதுகு வெளுத்த கிடாயை மட்டும் சுடலாம். அவை மலை முடிந்து பள்ளம் தொடங்குகிற பாறை விளிம்பில் நிற்கும். எதன் முதுகு வெளுத்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்வதுதான் ஷிகாரியின் வேலை. மாமாவுக்கோ கொஞ்ச காலமாக ஆடுகளெல்லாம் பாறையாகத் தெரிந்தன. சில சமயம் பாறைகள் ஆடாகவும் தெரிந்தன.

மாமா அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். சோற்று மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று துரையிடம் சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பாறைக்குப் பின்னால் ஒரே கம்பளிக்குள் இரண்டு பேரும் படுத்துக்கொள்வோம். பெட்டை என்றால் கம்பளி நுனியை நான் ஒரு தரம் இழுப்பேன். வெளுத்த கிடாய் என்றால் இரண்டு தரம். இடத்தைக் காதில் ஓதுவேன். மாமா கண்ணைச் சுருக்கி, நெற்றியில் கை வைத்து, நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கறுப்புப் பாறைக்கு எடது பக்கமுங்க தொரை, கிடாய்தானுங்க" என்பார். துரை பைனாகுலரில் பார்த்துவிட்டு, "உன்கு களுகு கண்ணு" என்று மெச்சுவார். மாமா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். நான் சிரிப்பை அடக்கக் கம்பளியைக் கடித்துக்கொள்வேன்.

தூரம் பார்ப்பதும் நான்தான். என் அம்மா கொழுந்து பறிக்கிறவள். தேயிலை வரிசையை நிரை என்போம். நிரைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே நிரை எண்ணத் தெரியும். "அங்கிருந்து இங்க வரைக்கும் செடி நட்டா எத்தனை நிரை வரும்?" என்று மாமா கேட்பார். வெறும் புல்மேட்டிலும் பள்ளத்தின் மேலும் மனசுக்குள் தேயிலை நட்டுக்கொண்டே போய்ச் சொல்வேன். எங்கள் எஸ்டேட்டில் மூன்று நிரைக்கு நாலு கஜம். நிரையைக் கஜமாக்குகிற கணக்கை மாமா தனக்குள் போட்டுக்கொள்வார். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

இருநூறு கஜத்துக்கு மேல் இருந்தால் மாமா சுட விடமாட்டார். "இன்னும் கிட்டப் போகோணுமுங்க" என்று எழுந்து நடந்துவிடுவார். துரையும் முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போவார். ஒரு தரம் விருந்தாளியாக வந்த ஒரு துரை, மாமா சொல்வதற்குள் தூரத்திலிருந்து ஒரு கடமானைச் சுட்டார். குண்டு வயிற்றில் பட்டு மான் சோலைக்குள் போய்விட்டது. விருந்தாளி டீ குடிக்கப் போனார். மாமா ரத்தம் பார்த்துக்கொண்டே மூன்று நாள் பின்னால் போய் அதை முடித்துவிட்டுத் திரும்பினார். மாமி சோறு போட்டபோது, "அந்தாளு ஒரு நிமிசத்துல சுட்டான். அது மூணு நாளா செத்துது" என்றார். கறியைத் தொடவில்லை.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. சீமையில் வாங்க ஆள் இல்லையாம். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. கூலிக்காரர்கள் குடியிருந்த வீட்டு வரிசைகளில் இரண்டு லைன் காலியாகிவிட்டது. பானை சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் போகிறவர்களை நாங்கள் பிள்ளைகள் ரோட்டோரமாக நின்று வேடிக்கை பார்த்தோம். இன்னும் யார் யாரை அனுப்பலாம் என்று பார்க்கக் கம்பெனியிலிருந்து ஒரு துரை வந்தார். ஷிகாரி கொழுந்தும் பறிப்பதில்லை, களையும் வெட்டுவதில்லை. பட்டியலில் முதல் பேர் அவருடையதுதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் துரை மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார். கம்பெனித் துரைக்கு வேட்டையென்றால் உயிர், அவருக்கு ஒரு வெளுத்த கிடாய் கிடைத்தால் உன் பேரை நான் காப்பாற்றிவிடுவேன் என்றார். மாமிக்கு அப்போது ஏழாம் மாசம்.

"தம்பி, ஒரு ஆட்டைக் காட்டிட்டுப் பேசாம வந்துரு. சுடறது அந்தாளு பாடு" என்றாள் அம்மா.

"காட்டறதுக்குத்தான போறேன் அக்கா" என்றார் மாமா.

கம்பெனித் துரையின் துப்பாக்கியை எஸ்டேட்டே கூடிப் பார்த்தது. மேலே கண்ணாடி வைத்த ஒரு குழாய். அதில் ஒரு திருகு. எத்தனை கஜமோ அதற்குத் தகுந்தபடி திருகி வைத்துக் குறி பார்த்தால் குண்டு அங்கேயே போகுமாம். ஃபேக்டரி மேட்டில் நின்றுகொண்டு, சங்கிலி போட்டு அளந்த நானூறு கஜத்தில் சுண்ணாம்பு அடித்த மூன்று கல்லை வைக்கச் சொன்னார். மூன்று குண்டு, மூன்று கல்லும் சிதறின. அவர் நிஜமாகவே கெட்டிக்காரர், அதை மறைக்கக் கூடாது.

"அடேயப்பா, கோயமுத்தூர்ல உக்காந்திருக்கற காக்காயை இங்கிருந்தே அடிப்பான் போலிருக்கு" என்றார் கங்காணி.

"கல்லுக்குக் காலில்லீங்க" என்றார் மாமா.

"ஏனப்பா, உனக்கு அதுக்கும் பொறாமையா?" என்று கங்காணி கேட்க எல்லோரும் சிரித்தார்கள்.

பைக்காரா வரை மோட்டாரில் போய், அங்கிருந்து மேற்கே நடந்தோம். இரண்டாம் நாள் காலையில் மலை விளிம்புக்கு வந்து சேர்ந்தோம். இரவெல்லாம் மழை. விடிந்ததும் வெயில் அடித்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துப் பாறைச்சுவர், கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது. கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. அங்கே ஒன்பது ஆடுகள். விளிம்பில் தனியாக ஒன்று, முதுகு சாம்பல் பூசினாற்போல. நான் கம்பளியை இரண்டு தரம் இழுத்தேன்.

மாமா இடத்தைச் சொல்லிவிட்டு எழுந்தார். "பள்ளத்தைச் சுத்திப் போகோணுமுங்க. ரண்டு மணி நேரமாகும்."

எங்கள் துரை அதை இங்கிலீஷில் சொன்னார். கம்பெனித் துரை கீழே பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்த பனிமூட்டத்தைக் காட்டிச் சிரித்தார். இரண்டு மணி நேரத்தில் ஆடு எங்கே தெரியும்? கோட்டைச் சுருட்டிப் பாறை மேல் வைத்து, அதன் மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்துவிட்டார்.

"அங்கிருந்து உளுந்தா எடுக்க வழியில்லீங்க. அடிபட்டு ஓடினாலும் பின்னால போக வழியில்லீங்க" என்றார் மாமா. எங்கள் துரை இதை இங்கிலீஷில் சொல்லவில்லை. கண்ணாலேயே மாமாவைக் கெஞ்சினார்.

மாமா மறுபடியும் கம்பளிக்குள் வந்தார். "எத்தனை?"

நான் பள்ளத்தின் மேல் நட்டுக்கொண்டே போனேன். மழை விட்ட வெயிலில் தூரம் கிட்டத் தெரியும் என்று மாமா முன்பே சொல்லியிருந்தார். அதற்கும் சேர்த்து இன்னொரு தரம் எண்ணினேன். "முந்நூத்தி எழுபத்தஞ்சு நிரை."

அதற்குள் எங்கள் துரை, "தொரை நானூறு கஜம்னு சொல்றார். நீ என்ன சொல்றே?" என்றார்.

மாமா தன் கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்டின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூறுங்க" என்றார்.

"நல்லா பாத்தாச்சா?"

"முந்நூறுதானுங்க. மழை பேஞ்சா கொஞ்சம் தள்ளித் தெரியுமுங்க."

கிட்ட என்பதை மாமா வாய் தவறித் தள்ளி என்று மாற்றிச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். கம்பெனித் துரை மலைக்குப் புதுசு. எங்கள் துரை, இவன் சொன்ன தூரம் ஒருநாளும் தப்பியதில்லை என்று அவருக்கு உறுதி சொன்னார். அவர் திருகைத் திருகினார்.

சத்தம் பள்ளத்தில் உருண்டது. ஆட்டின் காலுக்குக் கீழே பாறையில் புழுதி கிளம்பியதைப் பார்த்தேன். கிடாய் ஒரு துள்ளுத் துள்ளி மேலே ஏறியது. இன்னொரு குண்டு போடுவதற்குள் ஒன்பதும் மறைந்தன. கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம் வந்து பாறையையும் மூடிவிட்டது.

கம்பெனித் துரை கத்தவில்லை. புழுதி கிளம்பிய இடத்தை அவரும் பார்த்திருந்தார். மெதுவாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் துரையின் முகம் சிவந்துவிட்டது.

"உன்கு கண்ணு போச்சுன்னு சொல்றார்."

"ஆமாங்க" என்றார் மாமா.

அவர் அன்றைக்கு ஒத்துக்கொண்ட நிஜம் அது ஒன்றுதான். ஆனால் அப்போது எனக்கு அது அப்படிப் படவில்லை. என் கணக்கை நம்பிக் கெட்டார், என்னைக் காட்டிக்கொடுக்காமல் தாமே பழியை ஏற்றுக்கொண்டார் என்றுதான் பட்டது. திரும்பும் வழியில் புல்மேட்டில் அழுதேன்.

"நான் தப்பா எண்ணிட்டேன் மாமா."

"நீ எண்ணினது சரிதான்டா. ஒரு நிரைகூடத் தப்பல" என்றார். மூட்டையில் மிச்சமிருந்த வெல்லத்தை எடுத்துக் கொடுத்தார். அழுகிற பிள்ளைக்கு யாரும் சொல்கிற சமாதானம் என்று நினைத்து வெல்லத்தைத் தின்றேன்.

பல வருஷம் கழித்து எனக்குச் செடிக்குழி அளக்கிற வேலை கிடைத்தது. நிரையைக் கஜமாக்கும் கணக்கு அப்போதுதான் பழகியது. ஒருநாள் சும்மா போட்டுப் பார்த்தேன். முந்நூற்றெழுபத்தைந்து நிரைக்கு ஐந்நூறு கஜம் வந்தது. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வெலிங்டனில் பட்டாளத்துப் பையன்களுக்குத் துப்பாக்கி சொல்லிக்கொடுத்தவர். திருகைக் குறைத்து வைத்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். ஐந்நூறு கஜத்தில் நிற்கிற ஆட்டுக்கு நானூறு வைத்தால் குண்டு இரண்டடி கீழே இறங்கும், முந்நூறு வைத்தால் கிட்டத்தட்ட நாலடி இறங்கும் என்றார். நெஞ்சுக்கு இரண்டடி கீழே என்றால் ஆட்டின் கால். நாலடி என்றால் வெறும் பாறை.

ஐந்நூறு என்று நிஜத்தைச் சொல்ல, இருநூறுக்கு மேல் சுட விடாத மாமாவுக்கு மனசு வந்திருக்காது. நானூறு என்று கம்பெனித் துரையே சொல்லியிருந்தார். ஆமாங்க என்று ஒத்துப் பாடியிருந்தால் பழி மாமா மேல் விழுந்திருக்காது. கால் ஒடிந்த ஒரு கிடாய் அந்தப் பாறையில் எத்தனை நாள் கிடந்திருக்குமோ, அது மட்டும்தான்.

வேலை போய் மாமாவும் மாமியும் இறங்கிப் போன காலையில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. லைனுக்கு எதிரில் தேயிலைச் செடிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். மாமி ஒரு கையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். மாமா டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அக்கம் பக்கம் பார்த்து, என் பேரைச் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார். நான் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டேன்.

"விடு தம்பி, வெக்கப்படறான்" என்றாள் அம்மா.

"அவனுக்கு என்னக்கா வெக்கம்? அவங்கண்ணு நல்ல கண்ணு. சொன்னா சொன்னதுதான்" என்றார் மாமா, செடிகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி.

என்னைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். அவர்கள் வளைவு திரும்பி வெகுநேரம் ஆன பிறகும் கையை எடுக்கவில்லை.