தொண்ணூற்றெட்டு இருக்கும், போய்ப் படு

தம்பியின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவனுடைய அக்கா எழுதுவது. 'அவர்' என்று மரியாதையாக எழுதச் சொன்னார்கள் பெரியவர்கள். பன்னிரண்டு வயது இளையவன், என் இடுப்பிலேயே வளர்ந்தவன். எனக்கு அப்படி எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்தது வாடிப்பட்டியில். ஆரப்பாளையத்துக்கு நாங்கள் குடிவந்தபோது அவனுக்கு நான்கு வயது. பஸ் டிரைவரான அப்பா வீட்டில் இருக்கும் நாள் குறைவு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பாலிடெக்னிக் வகுப்புக்கு லீவு போட்டு வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டவன் தம்பிதான். படிப்பு முடிந்து கப்பலூரில் பிளாஸ்டிக் கேன் செய்யும் கம்பெனியில் சேர்ந்தான். கேன் ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற வேலை. அவன் குணத்துக்கு ஏற்ற வேலை என்று நாங்கள் கேலி செய்வோம்.

கொரோனா வந்தபோது எங்கள் வீட்டில் பயந்தது அவன் ஒருவன்தான். எழுபதைத் தாண்டிய அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்தவே இல்லை. "காலராவையே பாத்தவன்டா நானு. இது என்னத்தச் செஞ்சிரப் போகுது?" என்பார். இருபத்தாறு வயதுக்காரன் வாசலில் வாளியோடு நின்று அவர் காலைக் கழுவி உள்ளே விடுவான். கழுவிக் கழுவி அவன் விரல்களில் தோல் உரிந்தது. சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. வீடே சிரித்தது, நானும்தான்.

ஒரு மத்தியானம் மூச்சு முட்டுகிறது என்று துடித்தான். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. "ஒடம்புல ஒண்ணும் இல்லம்மா, பயம்தான். மனசுக்குப் பாக்குற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. வெளியில் தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டவள் நான். இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

மனநல டாக்டருக்குப் பதிலாக அந்தக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். எப்போது மாட்டினாலும் தொண்ணூற்றெட்டு காட்டும். அதுவே அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. "ஏலே தொண்ணூத்தெட்டு, சாப்ட வாரியா?" என்று அப்பாவே கூப்பிடுவார். அவனும் சிரித்துக்கொண்டே வருவான். பிறகு மூச்சு முட்டுகிறது என்று சொல்வதையே விட்டுவிட்டான்.

இரண்டாவது அலையில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. இந்த முறை நான் வாடிப்பட்டியில் என் புகுந்த வீட்டில் இருந்தேன். வயதானவருக்குத்தான் ஆபத்து, கருவி அப்பா பக்கத்திலேயே இருக்கட்டும் என்று போனில் சொன்னேன். அத்தனை நாளும் அப்பாவைத் தொட்டுத் தூக்கி, துடைத்து, கஞ்சி ஊட்டியது பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் சொன்ன தம்பி. ஐந்தாம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். அன்றே தம்பி மாடியறையில் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, மூச்சு வாங்குதுக்கா."

"தொண்ணூத்தெட்டு இருக்கும். போய்ப் படு."

"சரிக்கா."

என்னிடம் அவன் கடைசியாகப் பேசியது அதுதான். சாயங்காலம் கஞ்சி கொண்டுபோன அம்மா, அவன் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டார். அப்பா தட்டுத்தடுமாறி மாடியேறிப் போய்க் கருவியை மாட்டினார். அறுபத்தொன்று. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. அப்பா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால் தேவலை.

ஆம்புலன்ஸ் கிடைக்காதபோது தன் வண்டியை எடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், சிலிண்டருக்காக வெயிலில் வரிசையில் நின்ற கப்பலூர் நண்பர்களுக்கும், நாங்கள் தொட முடியாத தம்பியைத் தூக்கிச் சுமந்த மாநகராட்சி ஊழியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உங்கள் எல்லோரையும் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் வயசுப்பிள்ளை பயமாக இருக்கிறது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கல்யாணம் தள்ளிப்போனால் போகட்டும்.

காலராவுக்கே பயப்படாத அப்பா இப்போது டீக்கடைக்குப் போவதில்லை. நான் வாடிப்பட்டியிலிருந்து வந்தால், உட்காரும் முன்பே என் விரலில் அந்தக் கருவியை மாட்டுகிறார். தொண்ணூற்றெட்டு காட்டுகிறது. அவர் நம்புவதில்லை. "இன்னொரு வெரல நீட்டு ஆத்தா" என்கிறார். பத்து விரலும் முடிகிற வரை நானும் நீட்டிக்கொண்டே இருக்கிறேன்.