கைப்பையில் ஒரு தீப்பெட்டி

என் கைப்பையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. மூக்குக் கண்ணாடிக் கூடு, பஸ்ஸுக்கு எடுத்து வைத்த சில்லறை, மாத்திரை அட்டை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்பது வருடங்களாகக் கிடக்கிறது. பை இரண்டு முறை மாறிவிட்டது, பெட்டி மாறவில்லை. மேலே இருந்த கிளிப்படம் தேய்ந்து வெறும் பச்சையாகிவிட்டது. அதிலிருந்து ஒரு குச்சியைக்கூட நான் உரசியதில்லை. வீட்டில் அடுப்புக்கு லைட்டர் வைத்திருக்கிறேன். விளக்கை என் கணவர் ஏற்றுவார். குச்சி உரசும் சத்தம் கேட்டாலே இன்றும் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன.

அந்தப் பெட்டி எங்கள் பள்ளியின் தையல் டீச்சருடையது. எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என்னைவிட ஏழு வயது இளையவர் அவர். இருவருக்கும் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், அடுத்தடுத்த தெரு. காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். ஊருக்கெல்லாம் துணி வெட்டித் தைத்துத் தருகிற அவரிடம் இருந்தவை ஆறே ஆறு நூல் சேலைகள். திங்களுக்கு மஞ்சள் கோடு, செவ்வாய்க்குப் பச்சைச் சுங்குடி என்று தொடங்கி வெள்ளிக்கு ஊதாக் கட்டம், சனிக்குப் பழுப்பு என்று முடியும். பிள்ளைகள் கரும்பலகையில் கிழமை எழுதுவதற்குமுன் அவரைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஆசிரியர் அறையில் கேலிக்குக் குறைவில்லை. "ஏன் டீச்சர், ஒங்க வீட்டுக்காரர் காலண்டரே வாங்குறதில்லையாமே?" என்று தமிழ் டீச்சர் கேட்டால், "எதுக்கு வாங்கணும்? அவுக என்னையப் பாத்துத்தான் ஆபீசுக்குக் கெளம்புறாக" என்பார்.

என் கதை வேறு. என் பீரோவின் கதவைத் தோளால் தள்ளித்தான் சாத்த வேண்டும். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஜவுளிக்கடைக்குள் நுழையாமல் என்னால் வர முடியாது. அழகுக்காக வாங்கினேன் என்று அப்போது நினைத்திருந்தேன். இப்போது தெரிகிறது, பயத்தில் வாங்கியிருக்கிறேன். நாளைக்கு விலை ஏறிவிடுமோ, திடீரென்று ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டி வந்தால் என்ன செய்வது, மகளுக்கு இல்லாமல் போய்விட்டால்? எனக்கு ஒரே மகள். அவளுக்கு எடுத்ததெல்லாம் இரண்டு வயது கூடுதல் அளவு. வளர்கிற பிள்ளையாயிற்றே! இடுப்பில் சுருட்டிக் குத்தி, கீழே மடிப்புப் பிடித்துப் போட்டு விடுவேன். நீளம் சரியாக வரும் நாளில் தோள் பிடிக்காமல் போகும். அதைக் கவனிப்பதற்குள் அடுத்தது வந்திருக்கும்.

தையல் டீச்சர் துணி எடுப்பதே ஒரு காட்சி. வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் எடுப்பார். துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார், கைக்குள் கசக்கிப் பிரிப்பார், ஓரத்தை நகத்தால் கீறுவார். கடைசியில் விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவி, கைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்திவிடுவார். நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலானால் பருத்தி. உருகிக் கருப்பு மணியாக உருண்டு நின்றால் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். முதல் தடவை கடைக்கார பாய் பதறிப்போய், "யம்மா, கடைக்கே கொள்ளி வைக்க வந்துட்டீகளா?" என்று கத்தினார். பிறகு பழகிக்கொண்டார். டீச்சரின் தலையைக் கண்டதும் சாம்பல் தட்டை எடுத்து முன்னால் வைத்துவிடுவார்.

"பருத்தின்னு நான் சொன்னா நம்ப மாட்டீகளா டீச்சரம்மா?"

"ஒங்கள நம்புறேன் பாய். ஒங்களுக்கு மூட்டை அனுப்புனவன எனக்குத் தெரியாதுல்ல?"

அந்தத் தீபாவளிக்கு மகளுக்கு ஒரு நைலான் பட்டுப் பாவாடை எடுத்தேன். ரோஜா நிறம், சரிகைக் கரை. அவளுக்கு அப்போது ஏழு வயது, பாவாடையோ ஒன்பது வயதுக்கானது. தையல் டீச்சர் பக்கத்தில்தான் இருந்தார். வழக்கம்போல் நூலை உருவி, தீப்பெட்டியையும் எடுத்துவிட்டார். கடையில் அன்று நல்ல கூட்டம். எங்கள் பள்ளிப் பெற்றோர் இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து அமுக்கி, "ஏட்டி, சும்மா இரு, மானத்த வாங்காத" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "நீளமும் கூடக்கா, தரையில பொரளும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கார்த்திகையன்று சாயங்காலம் வாசல் படிகளில் அகல் விளக்குகளை வரிசையாக வைத்திருந்தோம். தையல் டீச்சரும் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை, ஊதாக் கட்டம். மகள் ரோஜாப் பாவாடையில் கையில் ஒரு விளக்கோடு கடைசிப் படிக்குக் குனிந்தாள். இடுப்பில் குத்தியிருந்த ஊசி கழன்றிருக்க வேண்டும். பின்னால் இழுபட்ட விளிம்பு மேல்படி விளக்கின்மீது விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணெய்க் கிண்ணம் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும், ஓட வேண்டும் என்று தெரிந்தும் கால் எழவில்லை. தையல் டீச்சர்தான் பாய்ந்தார். பிள்ளையைத் தரையில் உருட்டி, தன் முந்தானையைச் சுருட்டிப் போட்டு, அதன்மேல் தானே விழுந்து அமுக்கினார். அவர் எழுந்தபோது தீ அணைந்திருந்தது. பாவாடை துணியாக இல்லை, மகளின் கெண்டைக்காலில் கருப்பு மணிகளாக ஒட்டியிருந்தது. கடையில் அவர் எனக்குக் காட்ட நினைத்தது அதைத்தான்.

இருபது நாள் ஆஸ்பத்திரி. பிள்ளை பிழைத்தாள், நடந்தாள், உள்ளங்கை அகலத் தழும்போடு பள்ளிக்கும் போனாள். தையல் டீச்சரின் வலது கையில் கொப்புளங்கள் ஆற ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை அவரால் கத்தரி பிடிக்க முடியவில்லை. "அப்பவே சொன்னேன்ல" என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஊதாக் கட்டம் கருகிப்போனதால் வெள்ளிக்கிழமைகளில் அவர் வியாழக்கிழமைச் சேலையையே கட்டி வந்தார். பிள்ளைகள் கிழமை குழம்பிப்போனார்கள்.

அதைப் பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குக் கூப்பிட்டு பீரோவைத் திறந்தேன். "எத்தன வேணுமோ எடுத்துக்கோ" என்றேன். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

"இத எப்பக்கா கட்டுனீக?"

"சித்தி மக கல்யாணத்துக்கு."

"இது?"

யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"கடைக்காரர் குத்துன குண்டூசியக்கூட எடுக்கலயேக்கா! இது எந்தக் கிழமைக்கு?"

வாரத்துக்கு ஏழு கிழமைதான். தரையில் கிடந்தவற்றை எண்ணவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எனக்கு வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு வேணும்தான். ஆனா இம்புட்டுலயும் நூல் சேலை ஒண்ணுகூட இல்லயேக்கா" என்றார். கிண்டலாக அல்ல, வருத்தமாகச் சொன்னார்.

அன்று பிற்பகல் முழுவதும் இருவரும் பீரோவைக் காலி செய்தோம். மகளின் நைலான் துணிகள் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அவற்றை வெட்டி மூட்டை கட்டினோம். கட்டக்கூடிய சேலைகள் உறவுக்கும் வேலை செய்பவர்களுக்கும் போயின. எனக்கென்று பட்டு ஒன்றையும், நூல் சேலைகள் சேரும்வரை பள்ளிக்குக் கட்ட நாலைந்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை பாய் கடையில் ஒரே ஒரு சேலைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். மறுபடியும் ஊதாக் கட்டம்தான். அவர் நூலைக் கொளுத்தியபோது நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். பிறகு மாதத்துக்கு ஒன்றாக எனக்கும் ஆறு நூல் சேலைகள் எடுத்தேன். அவை கிழிந்தால் மாற்றுவேன், கூட்டமாட்டேன். இன்றுவரை அந்தக் கணக்கு மாறவில்லை. பீரோக் கதவை இப்போது ஒரு விரலால் சாத்த முடிகிறது. பயம் வரும்போதெல்லாம் என் கை இன்னமும் துணி எடுக்கத்தான் போகிறது. "இது எந்தக் கிழமைக்கு?" என்று கேட்டுக்கொள்கிறேன். கை திரும்பிவிடுகிறது.

இரண்டு வருடம் கழித்து தையல் டீச்சரின் கணவருக்குத் தென்காசிப் பக்கம் மாற்றல் வந்தது. வழியனுப்பிய அன்று பஸ்ஸில் ஏறியபின் ஜன்னல் வழியாக அந்தத் தீப்பெட்டியை நீட்டினார். "வச்சுக்கோங்கக்கா. இனிமே நீங்களே கொளுத்திப் பாத்துக்கோங்க, கையப் பிடிக்க ஆளில்ல" என்று சிரித்தார். நான் அழுதேன். இப்போதும் பொங்கலுக்கு அவரிடமிருந்து கடிதம் வருகிறது.

போன வாரம் மகளுக்குத் துணி எடுக்கப் போனோம். மதுரையில் கல்லூரி, விடுதியில் தங்கப்போகிறாள். தெரியாத ஊர், தெரியாத சமையலறை, தெரியாத பிள்ளைகள். எனக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை. கடையில் இப்போது பாயின் மகன் இருக்கிறார். சுடிதார்த் துணிகளை அவர் விரிக்க விரிக்க, என் கை ஒவ்வொன்றையும் ஒதுக்கி வைத்துக்கொண்டே போயிற்று. எட்டு, ஒன்பது, பத்து. அளவுகூடக் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்றேன்.

"எம்மா, நான் இனிமே எங்க வளரப்போறேன்?" என்று மகள் சிரித்தாள். ஒதுக்கியதிலிருந்து ஆறை மட்டும் எடுத்துத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமைக்கு?"

"அன்னைக்குத்தானம்மா தொவைப்பேன்!"

பிறகு, சின்ன வயதில் தையல் டீச்சரிடம் பார்த்ததுபோலவே, ஒரு துணியின் விளிம்பிலிருந்து நூல் உருவினாள். என் கைப்பையை இழுத்துத் திறந்து, அடியில் துழாவி, பெட்டியை வெளியே எடுத்தாள். அவள் கையைப் பிடிக்க என் கை பாதி தூரம் போய்விட்டது. கஷ்டப்பட்டு மடியில் வைத்துக்கொண்டேன். முதல் குச்சி பற்றவில்லை, பழைய மருந்து உதிர்ந்தது. இரண்டாவது பற்றியது. சுடரை அவள் பயமில்லாமல் நூலருகே கொண்டுபோனாள். நான் வெளியே போகவில்லை. காகிதம் எரிகிற வாசனை வந்தது. விரல்களுக்கு இடையே தேய்த்து, சாம்பலை என்னிடம் காட்டினாள்.

"பருத்திதாம்மா."

பெட்டியை மூடி அதே மூலையில் போட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது அதைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு குச்சி குறைந்திருந்தது.