சாயம் ஓடிய வானம்

என் அண்ணன் மகள் சுகாசினி எனக்கு நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். கம்ப்யூட்டர் வாங்கக் கொடுத்தேன். வட்டி கேட்கவில்லை. ஆனால் கொடுத்த அன்றைக்கே சொல்லிவிட்டேன்: "ஆடி முடியறதுக்குள்ள பணம் என் கைக்கு வரணும். வரலன்னா பொட்டியத் தூக்கிக்கினு போயி வித்துடுவேன். நீ மறுபடியும் புடவக் கடையில மடிச்சிக்கினு நிக்க வேண்டியதுதான்."

சொன்னால் செய்கிறவள் நான். மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டுச் சித்தாள் வேலைக்குப் போனவள். கலவைச் சட்டி சுமந்த தலை இது. இன்றைக்குக் காஞ்சிபுரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் மாடி எழும்பினாலும், இந்த எல்லம்மாள் வாடகைக்கு விட்ட சென்ட்ரிங் தகடும் சாரக்கட்டையும் அங்கே நிற்கும். கம்பிக் கடைக்காரர் என்னைப் பார்த்தால் எழுந்து நாற்காலி போடுவார். பெருமைதான். உழைத்தவள் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்லுவார்கள்?

சுகாசினிக்கும் என் பிடிவாதம்தான். பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்தாள். வேலை கிடைக்கவில்லை. பட்டுக் கடையில் இரண்டு வருடம் புடவை விரித்துக் காட்டினாள். வியாபாரம் இல்லாத நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்தே ஒரு வேலையைக் கற்றுக்கொண்டாள். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலப் படமாக ஓடவிடுவது. வாசலில் கார் வந்து நிற்கும், மரம் அசையும், பறவைபோல மேலே எழும்பி வீட்டைச் சுற்றி வரலாம். "ஒரு செங்கல் வெக்கல, வீடு நிக்குதேடி!" என்று நானே வாயைப் பிளந்தேன். அதற்குத்தான் பணம் கொடுத்தேன்.

அவள் புருஷன் ஜெபகுமார் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கம்ப்யூட்டரை அதில்தான் ஏற்றிவந்தான். வழியில் கைகாட்டியவர்களிடம், "சீட்டு இல்லமா, சார் உக்காந்துக்கினு இருக்காரு" என்று அந்தப் பெட்டியைக் காட்டினானாம்.

முதல் பெரிய வேலையையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். முசரவாக்கத்தில் வீடுகள் கட்டி விற்கிற சிவராஜ் என்னிடம் சாரம் எடுக்கிறவர். என் பெயரைச் சொன்னதும் சரி என்றார். ஆடிப்பெருக்கு அன்று வீடு வாங்க வருகிறவர்களுக்குப் படம் ஓட வேண்டும். பிடித்தால் ஐம்பதாயிரம். பிடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை.

படத்தை முதலில் எனக்குத்தான் காட்டினாள். வீடு நன்றாக இருந்தது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் பார்த்தேன். தூரத்து மரமெல்லாம் வெளிறிப்போய், வயல் புகைபோலாகி, வானத்தின் அடியில் கரைந்துகிடந்தது. தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"அடியே, சாயம் ஓடிப்போயிருக்குதே!" என்று கத்தினேன்.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இது புரியும். பட்டுப் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் தறியில் தனித்தனி நாடா ஓட்டி நெய்து கோர்வை போட்டுச் சேர்ப்பார்கள். சேர்ந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். கரையின் சிவப்பு உடலில் ஒரு விரல் இறங்கினாலும் அந்தப் புடவையைக் கடையில் கழித்துத் தள்ளிவிடுவார்கள்.

"கர கரயா இருக்கணும், ஒடல் ஒடலா இருக்கணும். வானத்து நீலம் வயல்ல எறங்கிப்போச்சு பாரு."

"அத்தே, அது தூரத்துல இருக்குது இல்ல, அதனாலதான்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். சாயம் ஓடிய புடவைகளை இரண்டு வருடம் பொறுக்கித் தள்ளிய கண் அவளுக்கும் இருந்ததே. "ஆமா அத்தே. இப்ப எனக்கும் அப்பிடித்தான் தெரியுது."

உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்தாள். கீழே பச்சை, மேலே நீலம், நடுவில் கோடு கிழித்ததுபோல் ஒரு கோர்வை. "இதான்டி பட்டு!" என்று முதுகில் தட்டினேன்.

சிவராஜ் தன் ஆபீஸ் டிவியில் போட்டுப் பார்த்தார். படம் வீட்டின் வாசலைக் காட்டும்வரை தலையாட்டினார். காட்சி மொட்டை மாடிக்கு மேலே எழும்பியதும் சிரிக்க ஆரம்பித்தார்.

"யக்கா, இன்னா இது? நம்ம வீட்டுக்குப் பின்னால உலகமே முடிஞ்சிப்போச்சு! கொல்லப் பக்கம் ஒண்ணுக்குப் போற ஆளு அப்பிடியே கீழ உழுந்துட மாட்டான்?"

ஆபீஸில் இருந்தவர்களும் சிரித்தார்கள். "வானத்த சுவத்துல பெயின்ட் அடிச்சா மாதிரி இருக்குதுமா," என்று சுகாசினியிடம் சொன்னார். "ஆடிப்பெருக்குக்குள்ள சரியா வந்தா காசு. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

வெளியே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ என்னைப் பார்த்து, "அத்தே, உன் சாரம் எங்க நிக்குது?" என்றாள்.

எதிரிலேயே பாதி எழும்பிய மாடி வீடு ஒன்று இருந்தது. கிடுகிடுவென்று ஏறினாள். நானும் ஏறினேன். என் சாரத்தில் ஏற எனக்கு என்ன பயம்?

மேலே நின்று பார்த்தோம். பக்கத்துப் பனைமரம் கரும்பச்சை. அதற்கடுத்த வரிசை கொஞ்சம் வெளிறல். அதற்கப்பால் ஏரி. அதையும் தாண்டி ஊர்ப்பக்கம் ராஜகோபுரம் சாம்பல் நிறத்தில், அடி தெரியாமல், மிதக்கிறதுபோல் நின்றது. வானம் தலைக்கு மேலேதான் நீலம். கீழே இறங்க இறங்க மோர்போல வெளுத்திருந்தது. கோடு எங்கேயும் இல்லை.

சுகாசினி சிரித்துவிட்டாள். "அத்தே, சாமியே சாயம் ஓட உட்டிருக்காரே!"

"சாமி நெய்ஞ்சத எந்தக் கடைக்காரன்டி திருப்பி அனுப்புவான்?" என்றேன்.

நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் போனில் படம் பிடித்தாள். வீட்டுக்குப் போய் அந்தப் படங்களை வீட்டைச் சுற்றி வளைத்து நிறுத்தினாள். மர வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளிறவிட்டாள். வானத்தின் அடியை வெளுத்தாள். முதல் தடவை காட்சி மேலே எழும்பியபோது ராஜகோபுரம் ஏரிக்குள் முங்கிவிட்டது. "நாம மேல ஏறுனா வானத்தோட அடியும் கூடவே ஏறணும் அத்தே. அத மறந்துட்டேன்," என்று மறுபடியும் செய்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. என் வீட்டில் அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று ஷாமியானா போட்டுப் படத்தை ஓடவிட்டார்கள். காட்சி மாடிக்கு மேலே எழும்பியது. பனை, ஏரி, கோபுரம், வானம் எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து நின்றன. யாரும் சிரிக்கவில்லை. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து வந்த குணமாலா என்ற அம்மாள் எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்க ஊரு அந்தப் பக்கந்தானே? அந்த மரத்துக்குப் பின்னால?"

"ஆமாம்மா," என்றாள் சுகாசினி. "பொகை மாதிரி தெரியுதே, அதேதான்."

"இங்க பாருங்க, மாடியில நின்னா நம்ம ஊரப் பாக்கலாம்," என்று அந்த அம்மாள் கணவர் விமலநாதனை இடித்தார்.

"மொதல்ல வெலயக் கேளு. ஊரு எங்கயும் போவாது," என்றார் அவர். ஆனாலும் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். சிவராஜ் அங்கேயே சுகாசினியின் போனுக்கு ஐம்பதாயிரத்தை அனுப்பினார்.

என் பேச்சைக் கேட்டுத்தான் முதல் படம் கெட்டது என்று ஜெபகுமார் சொல்லிக்கொண்டு திரிகிறான். திரியட்டும். நான் சாயம் ஓடிவிட்டது என்று கத்தாமலிருந்தால் அவள் சாரம் ஏறியிருப்பாளா? ஏறாமலிருந்தால் அந்தக் கோபுரம் படத்துக்குள் வந்திருக்குமா?

மறுநாள் காலை சுகாசினி வந்தாள். "போன்லயே அனுப்பிடட்டா அத்தே?"

"என் கை இன்னா போனா? எடுத்துக்கினு வந்து எண்ணி வை."

அவளும் ஜெபகுமாரும் ஆட்டோவில் போய் ஏ.டி.எம். மிஷினில் பணம் எடுத்துவந்தார்கள். "வட்டி எங்கடி?" என்று சீண்டினேன்.

"வட்டி படத்துலயே இருக்குது. நீதான் கோபுரத்தயே பாத்துக்கினு இருந்தியே!" என்று போனைக் காட்டினாள். வீட்டுக் கேட்டின் பக்கத்தில் சிவப்புப் புடவையில் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நானாடி இது? யாரையோ திட்டிக்கினு நிக்கறா மாதிரி இருக்குதே!"

"தூரத்துல வெச்சா வெளுத்துப்போயிருப்ப. அதான் கிட்டக்க வெச்சிட்டேன். உன் சாயம் ஓடாது அத்தே."

சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளங்கையை விரித்து நீட்டினேன். புடவைக் கடையில் பழகியபடி விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு ஐந்நூறாக வாய்விட்டு எண்ணி, நாற்பதாயிரத்தையும் என் கையில் வைத்தாள்.