கண்ணில் நின்ற அம்மை

பிறவியிலேயே என் மேல் இமைகள் கனமானவை. தோல் மடிந்து கருவிழியின் பாதிவரை தொங்கும். பசுவந்தனைப் பக்கம் எங்கள் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவரை இதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை. இறந்துபோன அப்பாவுக்கும் அதே கண்தான். "இது நம்ம வீட்டு ஷட்டர்லே. கரிசக் காத்துக்குப் பாதி எறக்கி வச்சிருக்கு" என்பார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பி.எட். முடித்துக் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த பிறகுதான் அது குறையானது. கோடை விடுமுறைக்கு முன்னால் தாளாளர் கூப்பிட்டனுப்பினார்.

"பாடம் நல்லாத்தான் எடுக்கீங்க சார். ஆனா பேரண்ட்ஸ் வந்து, அந்த சார் காலையிலயே போட்டுட்டு வாராரான்னு கேக்காங்க. பத்தாம் வகுப்புக்கு உங்களப் போடலாம்னு இருக்கேன். மூஞ்சி கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கணும்லா? லீவுல ஏதாவது பண்ணுங்க."

நான் டீகூடக் குடிப்பதில்லை. அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை, வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுப்பவன்தான் வாத்தியார். ஆள் குறைக்கும்போது அவன்மேல் மட்டும் கை வைக்கமாட்டார்கள். எனக்கு அந்த வகுப்பு வேண்டியிருந்தது.

மே மாதம் மதுரைக்குப் போய் அறுத்துக்கொண்டேன். பார்வைக்காகச் செய்வதல்ல, அழகுக்குத்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மிஞ்சிய தோலை வெட்டித் தைத்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டில் கண்ணாடியைக் கழற்றியதும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு கண்ணும் நாவற்பழம்போல வீங்கி நிறம் மாறியிருந்தன.

"ஆம்பளப்பய அழகுக்குக் கண்ண அறுத்துட்டு வந்திருக்கான்னு தெரிஞ்சா இந்தத் தெரு சிரிப்பா சிரிக்கும்லே" என்றாள். நான் படுத்து எழுந்திரிப்பதற்குள் வாசல் நிலையில் வேப்பங்குலையைச் செருகியிருந்தாள். வேப்பிலை தொங்கினால் அது அம்மை கண்ட வீடு. எங்கள் தெருவில் யாரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள்.

பொய் எங்களைத்தான் முதலில் பிடித்தது. அம்மை வீட்டிலிருந்து யாரும் வேலைக்குப் போகக்கூடாது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதை நிறுத்தினாள். தாளிக்கும் வாசனை வெளியே போகக்கூடாது. வெறும் பருப்பும் கஞ்சியுமாகத் தின்றோம். கண்ணுக்கு ஐஸ் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. பக்கத்து வீட்டில்தான் ஐஸ் வாங்குவோம், அம்மை வீட்டுக்காரி போய்ப் பாத்திரத்தை நீட்ட முடியுமா? பானைத் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணில் போட்டுக்கொண்டு கிடந்தேன்.

பக்கத்து வீட்டம்மா தெருவில் நின்றபடியே விசாரிப்பாள்.

"ஏட்டி, புள்ளைக்கு எறங்கிருச்சா?"

"எங்க எறங்குதா யக்கா? கண்ணுலல்லா நிக்கா."

"கண்ணுலயா! படிச்ச புள்ள, கண்ணத்தான கேப்பா. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சு அப்புட்டி."

"அப்புதேங்க்கா, அப்புதேன்" என்பாள் அம்மா, கையில் மதுரை ஆயின்மெண்டை வைத்துக்கொண்டு.

இமை இழுத்துத் தைத்திருந்ததால் தூங்கும்போது கண் முழுதாக மூடவில்லை. கொஞ்ச நாளில் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா நம்பவில்லை. "ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன். அதான் ஒன் கண்ண மூடவிட மாட்டேங்கா" என்று தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். தெருவுக்குத் தெரியாமல் இருட்டோடு மதுரைக்குப் போய்த் தையல் பிரித்துவந்த பிறகு, அம்மை இறங்கியவர்களுக்கு ஊற்றுவதுபோல எனக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றியே தீருவேன் என்று நின்றாள். கையால் கண்ணைப் பொத்திக்கொண்டேன். மஞ்சள் தண்ணீர் விரலிடுக்கில் இறங்கித் தழும்பில் எரிந்தது. தாளாளரை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

ஜூனில் வீக்கம் வற்றிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே புது ஆள். முழுக் கருவிழியும் தெரிந்தது. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனேன். அவர் எதிலோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மை எறங்கிருச்சா சார்? ஒங்க தெருப் புள்ளைய ரெண்டு நம்மகிட்டதான படிக்கி, சொன்னாங்க. பொதுத் தேர்வுப் புள்ளைங்க பாருங்க, ரிஸ்க் எடுக்க முடியாது. பத்தாம் வகுப்புக்கு வேற ஆள் போட்டாச்சு."

"சார், அது அம்மை இல்ல. இமையில ஆபரேஷன். நீங்க சொன்னீங்கள்லா, மூஞ்சி..."

"ஆபரேஷனா?" அப்போதுதான் நிமிர்ந்தார். என் முகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எந்தக் கண்ணுல சார்?"

"ரெண்டுலயும்."

"அப்படியா? நல்லது, ஒடம்பப் பாத்துக்கிடுங்க. ஆறாம் வகுப்புல ஒரு எடம் இருக்கு, எடுத்துக்கிடுங்க." மறுபடியும் குனிந்துகொண்டார்.

சரி சார் என்றுதான் சொன்னேன்.

வீட்டு வாசலிலேயே அம்மா நின்றாள். "கண்ணப் பாத்தாவளா? என்னடே சொன்னாவ?"

"நல்லாருக்குன்னாவ."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே தெருவில் இறங்கி, "யக்கா, ஆத்தா எம்புள்ளைக்குக் கண்ணக் குடுத்துட்டாக்கா" என்றாள்.

"நானும் பாத்தேன்ட்டி. முன்னால எப்பவும் தூங்கி விழுந்த மாதிரில்லா இருப்பான்! அவ வந்துட்டுப் போன பொறவு எப்படித் தெறந்திருக்கு பாரு. வெள்ளிக்கிழமை கூழு ஊத்திரு."

நான் உள்ளே போய் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தேடினேன்.